புல் செழித்தது, கரை சரிந்தது: நைட்ரஜன் மாசும் உழவர் இயக்கமும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் தமிழ் வடிவம்)

நடவு முடிந்து மேலுரம் இடவேண்டிய வாரத்தில், கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலில் விடியும் முன்பே நீளும் வரிசையை உழவர் இயக்கத்தில் பணியாற்றுவோர் அனைவரும் அறிவர். ஒரு மூட்டை யூரியாவுக்காக நாள் முழுவதும் காத்திருந்து, வெறுங்கையுடன் வீடு திரும்பும் உழவரிடம் சென்று 'நைட்ரஜன் மாசு' என்று பேசினால், அவர் முகம் சுளிப்பது இயல்பு. உர மானியத்தை வெட்டுவதற்கு ஆட்சியாளர்கள் கண்டுபிடித்த புதிய சாக்கு இது என்றே அவர் கருதுவார். அவருடைய ஐயம் ஆதாரமற்றதன்று. கடந்த முப்பது ஆண்டுகளாக மானியம் குறித்து உலக வங்கியும் நிதி அமைச்சகமும் பேசிவரும் மொழியை அவர் கேட்டே வளர்ந்திருக்கிறார்.

எனினும், ஐயம் நியாயமானது என்பதால் உண்மை மறைந்துவிடாது. வயலில் பயிர் எடுத்துக்கொள்ளாத நைட்ரஜன் எங்கோ செல்கிறது. அது சென்று சேரும் இடத்தில் மீனவர் இருக்கிறார். கிணற்று நீர் குடிக்கும் குழந்தை இருக்கிறது. கடற்கரையைக் காக்கும் சதுப்பு நிலம் இருக்கிறது. உழவரின் கோரிக்கையையும் மீனவரின் கோரிக்கையையும் ஒருசேர ஏந்தவேண்டிய கட்சி இக்கேள்வியைப் பிறர் கையில் விட்டுவிட முடியாது. ஆகவே முதலில் அறிவியல் கூறுவதைப் பார்ப்போம். பிறகு அரசியலுக்கு வருவோம்.

உவர்ச்சதுப்பு நிலம் செய்யும் பணி

ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்களிலும், அலைவேகம் தணிந்த காயல் ஓரங்களிலும், ஓதம் ஏறும்போது மூழ்கி இறங்கும்போது வெளிப்படும் தாழ்நிலங்கள் உண்டு. உப்பைத் தாங்கும் புல்லும் குறுஞ்செடிகளும் மட்டுமே அங்கு வளரும். இவையே உவர்ச்சதுப்பு நிலங்கள். இந்தியாவில் குஜராத்தின் கட்ச் வளைகுடாக் கரையில் இவை பரந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டில் வேதாரண்யம், தூத்துக்குடிப் பகுதிகளில் உமரிச் செடிகள் மண்டிய நிலமாக இவற்றைக் காணலாம். வருவாய்த் துறைப் பதிவேட்டில் இத்தகைய நிலம் பெரும்பாலும் 'புறம்போக்கு' அல்லது 'தரிசு' என்றே இருக்கும்.

பதிவேட்டின் கண்ணுக்குப் பயனற்றதாகத் தோன்றும் இந்நிலம் மூன்று பெரும் பணிகளைச் செய்கிறது. முதலாவது, இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் இங்கேதான் ஒளிந்து வளர்கின்றன. இரண்டாவது, புயல் அலையின் வேகத்தை இது தணிக்கிறது. தன் வேர்த்தொகுதியாலும் மட்கிய சேற்றாலும் ஏராளமான கார்பனைப் புதைத்து வைக்கிறது. மூன்றாவது, நிலத்திலிருந்து வரும் நைட்ரேட்டை இங்குள்ள நுண்ணுயிரிகள் தீங்கற்ற நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. அதாவது, ஆறு கொண்டுவரும் மாசைக் கடலுக்குள் புகுமுன் வடிகட்டும் வாயிற்காவல் இது.

இந்த மூன்றாவது பணியை நம்பியே நெடுங்காலம் ஒரு கருத்து நிலவியது. சதுப்பு நிலம் பஞ்சு போன்றது. எவ்வளவு நைட்ரஜன் வந்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். புல் இன்னும் உயரமாக வளருமேயன்றிக் கேடு ஏதும் நேராது என்பதே அக்கருத்து. சிறு பாத்திகளில் உரம் தூவி நடத்தப்பட்ட சோதனைகளும், புல் செழிப்பதையே காட்டின.

பிளம் தீவில் ஒன்பது ஆண்டுகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு வடக்கே, பிளம் தீவுக் கழிமுகம் உள்ளது. வுட்ஸ் ஹோல் நகரிலுள்ள கடல்சார் உயிரியல் ஆய்வகத்தைச் சேர்ந்த லிண்டா டீகன் தலைமையிலான குழு இந்தக் கருத்தை அங்கே சோதித்துப் பார்த்தது. பாத்தியில் உரம் தூவும் பழைய முறையை அவர்கள் கைவிட்டனர். உண்மையில் மாசு எவ்வாறு வருகிறதோ அவ்வாறே அதைக் கொண்டுவந்தனர்: செடிகள் வளரும் பருவத்தில், ஏறிவரும் ஓத நீரில் நைட்ரேட்டைக் கரைத்து, முழு ஓடைகளுக்குள்ளும் அவற்றைச் சூழ்ந்த சதுப்புக்குள்ளும் செலுத்தினர். ஒப்பிடுவதற்காக வேறு ஓடைகளை அப்படியே விட்டுவைத்தனர். செலுத்திய அளவும் கற்பனையானதன்று. மாசுபட்ட பல கழிமுகங்களில் ஏற்கெனவே காணப்படும் அளவே. ஒன்பது ஆண்டுகள் இது நடந்தது. முடிவுகள் 2012ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியாயின.

முதல் சில ஆண்டுகளில் புல் உயர்ந்தது, இலை அடர்ந்தது. அப்போது பார்த்தவர் எவரும் சதுப்பு நலமாக இருக்கிறது என்றே கூறியிருப்பர். ஆனால் மாற்றம் மண்ணுக்கு அடியில் நிகழ்ந்துகொண்டிருந்தது. சத்து நீரிலேயே எளிதாகக் கிடைத்ததால், ஓடைக்கரைப் புல் அதைத் தேடி வேர்விடவேண்டிய தேவை குறைந்தது; வேரும் மட்டத்தண்டும் சுருங்கின. அதே நேரத்தில், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகளுக்கு நைட்ரேட் மூச்சுக்காற்றாகப் பயன்பட்டது. பல்லாண்டுகளாகப் படிந்து கரையைக் கெட்டிப்படுத்தி வைத்திருந்த மட்கிய பொருளை அவை விரைந்து சிதைக்கத் தொடங்கின.

மேலே சுமை கூடியது. கீழே பிடிமானம் தளர்ந்தது. ஓடைக்கரைகளில் விரிசல் கண்டது. கரையின் பாளங்கள் புல்லோடு ஓடைக்குள் சரிந்து விழுந்தன. புல்வெளி இருந்த இடம் வெறுஞ்சேறாயிற்று. அமெரிக்கக் கடற்கரைகளில் சதுப்பு அழிவதற்குக் கடல்மட்ட உயர்வும் வண்டல் வரத்துக் குறைவும் ஏற்கெனவே காரணங்களாக அறியப்பட்டிருந்தன. அவற்றோடு நைட்ரஜனையும் சேர்க்கவேண்டும் என்பதை இந்தச் சோதனை நிறுவியது.

தோழர்களே, இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. அளவு மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பு மாற்றமாகிறது என்பதை இயக்கவியல் கற்றவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. பிளம் தீவின் ஓடைக்கரை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டுக்காண்டு சிறிதாகக் கூடிய மாற்றம் பல ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியவில்லை, தெரிந்தபோது அது சரிவாகவே வெளிப்பட்டது. இரண்டாவது பாடம் ஆய்வுமுறை பற்றியது. பாத்திச் சோதனைகள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓடை, கரை, ஓதம், சேறு, நுண்ணுயிர் ஆகியவற்றின் உறவிலிருந்து புல்லைத் தனியே பிரித்தெடுத்துப் பார்த்ததால், கரை சரிவதை அவற்றால் காண முடியவில்லை. மேலும், ஒன்பது ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமை பொது நிதியில் நடக்கும் ஆய்வுக்கே இயலும். மூன்று மாத லாபக் கணக்கில் வாழும் நிறுவனம் அத்தகைய ஆய்வை நடத்தாது.

வாயிற்காவல் விழுந்தபின் அது தடுத்த நைட்ரஜன் முழுவதும் கடலுக்குள் செல்கிறது. மாசு கூடக்கூட, மாசைத் தடுக்கும் ஆற்றல் குறைகிறது. இந்தச் சுழற்சியே இதில் மிகவும் கவலைக்குரியது.

புல்வெளி முதல் கடலடி வரை

இது சதுப்புக்கு மட்டும் நேர்ந்த கதியன்று. அலையாத்திக் காடுகளிலும் இதையொத்த நிலை காணப்பட்டது. பல நாடுகளின் அலையாத்திகளில் உரமிட்டு நடத்திய நீண்டகாலச் சோதனைகளின் முடிவை 2009இல் கேத்தரின் லவ்லாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்டனர். சத்து மிகுந்த மரங்கள் வேரைவிடத் தண்டையும் இலையையும் கூடுதலாக வளர்த்தன. மழை பொய்த்து உப்பு ஏறிய இடங்களில், வேர் போதாமல் அம்மரங்களே கூடுதலாக மாண்டன.

நிலத்துக்கு வந்தால், இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1856ஆம் ஆண்டு தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் தொடர்கிறது. அதைத் தொடங்கிய ஜான் லாஸ் உரத் தொழிற்சாலை உரிமையாளர் என்பது குறிப்பிடத்தக்கது. உரமிடாத பாத்திகளில் பல்வகைப் பூண்டுகளும் புற்களும் இன்றும் கலந்து வளர்கின்றன. அமோனியம் உரம் மிகுதியாக இட்டு, சுண்ணாம்பு சேர்க்காத பாத்திகளில் மண் புளித்து, ஒருசில புல்வகைகளே எஞ்சியுள்ளன. நெதர்லாந்தில், கால்நடைப் பெருந்தொழிலிலிருந்து காற்றில் எழும் அமோனியா மழையோடு இறங்கி, வறண்ட மணல்நிலத்துக்கே உரிய புதர்க்காடுகளைப் புல்லுக்குப் பலியாக்கியது.

கடலில் நைட்ரஜன் பாசியை வளர்க்கிறது. பாசி மடிந்து அடியில் இறங்கி அழுகும்போது, நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மெக்சிகோ வளைகுடாவில், மிசிசிபி ஆறு கொண்டுவரும் மக்காச்சோள வயல்களின் உரத்தால் ஒவ்வொரு கோடையிலும் இவ்வாறு உயிரற்ற கடற்பரப்பு உருவாகிறது. 2017இல் அது 22,700 சதுர கிலோமீட்டர் பரப்பை எட்டியது. பிரான்சின் பிரெத்தாஞ்ஞ் கடற்கரையில், பன்றிப் பண்ணைகளின் கழிவால் செழித்த பச்சைப்பாசி கரையொதுங்கி அழுகி, நச்சு வாயுவை வெளியிடுவது பல்லாண்டுகளாக மக்கள் போராட்டத்துக்குரிய பிரச்சினை.

இந்தியாவின் இருபுறக் கடல்களும் இவ்வகையில் தனித்தன்மை கொண்டவை. அவற்றின் நடு ஆழத்தில் இயல்பாகவே ஆக்சிஜன் மிகக் குறைவு. மேற்குக் கடற்கரைத் திட்டில் பருவமழைக் காலத்தின் பிற்பகுதியில் ஆக்சிஜன் அற்றுப்போவதையும், அங்கிருந்து நைட்ரஸ் ஆக்சைடு பெருமளவில் வெளியேறுவதையும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் எஸ். டபிள்யூ. ஏ. நக்வி குழுவினர் 2000ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தனர். ஆழ்நீர் மேலெழும் இயற்கை நிகழ்வு அதற்கு அடிப்படை. நிலத்திலிருந்து சேரும் நைட்ரஜன் அதைத் தீவிரப்படுத்தக்கூடும் என்பது அவர்களின் எச்சரிக்கை. வங்கக்கடலின் ஆழத்தில் எஞ்சியிருப்பது அளவிடவே அரிதான ஆக்சிஜன் என்பதை 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. விளிம்பில் நிற்கும் கடலுக்குள் மேலும் சத்தைக் கொட்டுவது எத்தகைய செயல் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் கொண்டது. ஓசோன் படலத்தையும் அரிக்கக்கூடியது. நிலத்தடி நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங்குழந்தை. அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கிறது.

பறவை எச்சத்திலிருந்து செயற்கை அமோனியா வரை

இப்பிரச்சினையின் வேர் எங்கே? உழவரின் பேராசையிலா? வரலாறு அவ்வாறு கூறவில்லை.

நிலத்திலிருந்து எடுத்த சத்து, உணவாகவும் உடையாகவும் நகருக்குச் சென்று, கழிவாக ஆற்றில் கலந்து, மண்ணுக்குத் திரும்பாமலே போகிறது என்பதை ஜெர்மானிய வேதியியலர் லீபிக் எடுத்துக்காட்டினார். மார்க்ஸ் அவரை ஊன்றிக் கற்றார். மூலதனத்தின் முதல் தொகுதியில், முதலாளித்துவ வேளாண்மை தொழிலாளியையும் மண்ணையும் ஒருசேரச் சுரண்டுகிறது என்ற முடிவுக்கு வந்தார். லண்டன் மாநகரின் மனிதக்கழிவு வயலுக்குப் போகாமல் பெருஞ்செலவில் தேம்ஸ் ஆற்றைக் கெடுப்பதை மூன்றாம் தொகுதியில் சுட்டினார். மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான வளர்சிதை மாற்றத்தில் ஏற்பட்ட இந்தப் பிளவே இன்றைய நைட்ரஜன் மாசின் தாய்.

பிளவை ஒட்டுப்போட முதலாளித்துவம் முதலில் உலகைக் கொள்ளையிட்டது. பெருவின் சிஞ்சா தீவுகளில் குவிந்திருந்த பறவை எச்சம் ஐரோப்பிய வயல்களுக்குக் கப்பலேறியது. அதை வெட்டியெடுத்தவர்கள் கொத்தடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர்கள். எச்சம் கிடைக்கும் தீவுகளைத் தன் குடிமக்கள் கைப்பற்றிக்கொள்ளலாம் என்று 1856இல் அமெரிக்கா சட்டமே இயற்றியது. பிறகு அட்டகாமா பாலைவனத்தின் நைட்ரேட் உப்புக்காக 1879இல் சிலி, பெரு, பொலிவியா நாடுகளிடையே போர் மூண்டது. பொலிவியா தன் கடற்கரையை இழந்தது அப்போரில்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை ஹைட்ரஜனோடு இணைத்து அமோனியா ஆக்கும் வழியைக் கண்டார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு விரித்தார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் பாஸ்ஃப் நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே உலகப்போர் மூண்டது. வயலுக்கான நைட்ரஜன் வெடிமருந்துக்குத் திருப்பிவிடப்பட்டது. 1921 செப்டம்பரில் அதே ஓப்பாவில் உரக்கிடங்கு வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்தக் கண்டுபிடிப்பைப் பழிப்பது நம் வேலையன்று. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உண்ணும் உணவு செயற்கை நைட்ரஜனால் விளைவது என்று மதிப்பிடப்படுகிறது. பஞ்சத்தை வென்றதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. விடுதலை பெற்ற இந்தியா 1951இல் சிந்திரியில் பொதுத்துறை உரத் தொழிற்சாலையை இயக்கியபோது, அது தற்சார்பை நோக்கிய முன்னேற்றம். கேள்வி, அந்த ஆற்றல் எந்த உற்பத்தி உறவுகளுக்குள் பயன்படுத்தப்படுகிறது என்பதே. விற்பனையைப் பெருக்குவதில் மட்டும் நாட்டம் கொண்ட தொழிலுக்கு, வயலிலிருந்து வழிந்தோடும் உரமும் விற்ற உரமே. வழிந்தோடியதன் விலையை மீனவர் செலுத்துகிறார்.

இந்திய நிலைமை

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவை நாடளாவிய அளவில் 4:2:1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது நெடுங்காலமாகக் கூறப்படும் பொது அளவுகோல். 2010ஆம் ஆண்டு ஏப்ரலில் அன்றைய மத்திய அரசு 'ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம்' என்ற பெயரில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவின் விலை மட்டும் கட்டுக்குள் இருந்தது. மற்றவற்றின் விலை பன்மடங்கு ஏறியபோது, வாங்க இயலாத சிறு உழவர் வாங்க முடிந்ததையே கூடுதலாக இட்டார். இன்று 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 266 ரூபாய். 50 கிலோ டிஏபி மூட்டை 1,350 ரூபாய். மண்ணின் சமநிலை குலைந்ததற்கு உழவரின் அறியாமையைக் காரணம் காட்டுவோர், இந்த விலைப்பட்டியலை ஒருமுறை படிக்கவேண்டும்.

நெல்வயலில் இடும் யூரியாவின் நைட்ரஜனில் சற்றொப்ப மூன்றில் ஒரு பங்கையே பயிர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. மற்றது அமோனியாவாக ஆவியாகிறது, நைட்ரேட்டாக நிலத்தடியில் இறங்குகிறது, வடிகால் வழியே ஆற்றுக்குச் செல்கிறது. வழிந்தோடும் பகுதிக்கும் அரசு மானியம் கொடுத்திருக்கிறது. உழவரும் காசு கொடுத்திருக்கிறார். 2022–23இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. இழப்பைக் குறைப்பது உழவரின் நலனுக்கும் பொதுக் கருவூலத்தின் நலனுக்கும் எதிரானதன்று என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆனால் அரசு காட்டும் வழி என்ன? 2015இல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. அது பயனுள்ள நடவடிக்கை. பிறகு 2021இல் நானோ யூரியா வந்தது. அரை லிட்டர் புட்டி ஒன்று ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு என்று விளம்பரம் செய்யப்பட்டது. எளிய கணக்கைப் பார்ப்போம். 45 கிலோ யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ. அரை லிட்டர் புட்டியில் நைட்ரஜன் 4 விழுக்காடு, அதாவது 20 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு எவ்வாறு ஈடாகும் என்பதை விளக்கவேண்டியவர்கள் விளக்கவில்லை. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டுக் கள ஆய்வில், யூரியாவில் பாதியைக் குறைத்து நானோ யூரியா தெளித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது. யூரியா வேண்டுமானால் இதையும் வாங்கவேண்டும் என்று விற்பனை நிலையங்கள் வற்புறுத்துவதாகப் பல மாநில உழவர்கள் புகார் கூறினர்.

நைட்ரஜன் வயலிலிருந்து மட்டும் வருவதன்று. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர் மட்டுமே. எஞ்சியது அப்படியே ஆறு, ஏரி, கழிமுகங்களில் கலக்கிறது. மார்க்ஸ் கண்ட தேம்ஸ், இன்று யமுனையாகவும் கூவமாகவும் ஓடுகிறது.

கரையோர இறால் பண்ணைகளையும் இங்கே குறிப்பிடவேண்டும். தீவனத்தின் எச்சமும் இறாலின் கழிவும் கலந்த நீர், நைட்ரஜன் மிகுந்த நீர். தமிழ்நாட்டின் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த பெரும் இறால் பண்ணைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று ஆணையிட்டது. கீழத்தஞ்சையின் நிலமற்ற உழைப்பாளர் நடத்திய போராட்டத்தின் வெற்றி அது. ஆனால் 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், அத்தடையிலிருந்து அத்தொழிலுக்கு விலக்கு அளித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை மேலும் உறுதிப்படுத்தியது. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை உவர்ச்சதுப்பு நிலத்தை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்திருக்கிறது. காகிதத்தில் உள்ள அந்தப் பாதுகாப்பு களத்தில் எவ்வளவு உள்ளது என்பதைக் கடலோர மாவட்டத் தோழர்கள் ஆராய்ந்து அறிவிக்கவேண்டும்.

இரு எச்சரிக்கைகள்

சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதே அரசியல் கேள்வி. இரு நாடுகளின் அனுபவம் இதற்கு விளக்கமாக உள்ளது.

இலங்கையில் 2021ஆம் ஆண்டு கோத்தபய ராஜபக்ச அரசு, இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடைசெய்தது. இயற்கை வேளாண்மை என்ற பெயர் சூட்டப்பட்டாலும், அந்நியச் செலாவணி நெருக்கடியும் அதன் பின்னணியில் இருந்தது. மாற்று உரம் தயாராக இல்லை. உழவருக்குப் பயிற்சியோ அவகாசமோ தரப்படவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் அடிபட்டது. சிங்கள உழவரும் தமிழ் உழவரும் மலையகத் தோட்டத் தொழிலாளரும் ஒருசேரத் துன்புற்றனர். அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது.

நெதர்லாந்தில் 2019 மே மாதம், அரசின் நைட்ரஜன் திட்டம் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவியல்படி தீர்ப்பு சரியானதே. ஆனால் பல்லாண்டுகளாகக் கடன்கொடுத்து, பண்ணையைப் பெரிதாக்கத் தூண்டிய வங்கிகளும் தீவன நிறுவனங்களும் இறைச்சி, பால் ஏற்றுமதியாளர்களும் ஒதுங்கிக்கொண்டனர். கணக்குத் தீர்க்கும் பொறுப்பு உழவர் தலையில் விழுந்தது. டிராக்டர்கள் நெடுஞ்சாலைகளை மறித்தன. அந்தக் கோபத்தை அறுவடை செய்தது வலதுசாரி அரசியல். 2019இல் தோன்றிய உழவர்-குடிமக்கள் இயக்கம் என்ற கட்சி 2023 மாகாணத் தேர்தலில் முதலிடம் பெற்றது.

இலங்கை காட்டுவது, திட்டமற்ற தடையின் விளைவு. நெதர்லாந்து காட்டுவது, உழவரைக் குற்றவாளியாக்கும் சூழலியலின் விளைவு. இடதுசாரிகள் இவ்விரண்டையும் மறுக்கவேண்டும். அதே வேளையில், பிரச்சினையே இல்லை என்று கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. மீனவரின் வலை வெறுமையாவதையும் கிணற்று நீர் நஞ்சாவதையும் 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவைக்கும் இயக்கம், உழைக்கும் மக்களில் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்கு எதிராக நிறுத்தும் வேலையை ஆளும் வர்க்கத்துக்கு எளிதாக்குகிறது.

கோரிக்கைகளும் கடமைகளும்

இந்திய அரசின் முன்முயற்சியில் 2019 மார்ச்சில் ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவை நைட்ரஜன் மேலாண்மை குறித்த தீர்மானத்தை நிறைவேற்றியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான கொழும்புப் பிரகடனம், 2030க்குள் நைட்ரஜன் விரயத்தைப் பாதியாக்கும் இலக்கை முன்வைத்தது. வெளிநாட்டு மேடைகளில் பேசியதை உள்நாட்டில் செயலாக்கும்படி கோருவது நம் உரிமை. உழவர் இயக்கமும் மீனவர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் இணைந்து முன்வைக்கவேண்டிய கோரிக்கைகள் கீழ்வருவன.

முதலாவது, உர மானியத்தில் வெட்டு கூடாது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலையை மீண்டும் கட்டுக்குள் கொண்டுவந்து, சமச்சீர் உரமிடல் சிறு உழவருக்குக் கைக்கெட்டும்படி செய்யவேண்டும்.

இரண்டாவது, அழிந்துவரும் வேளாண் விரிவாக்கத் துறைக்கு உயிரூட்டவேண்டும். யூரியாவை ஒரே தவணையாக இடாமல் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இடுவதற்கு இலை வண்ண அட்டை போதும். அதன் விலை மிகக் குறைவு. அதைக் கற்பிக்கும் அலுவலர்தான் கிராமத்தில் இல்லை. உரக்கடைக்காரர் சொல்வதே ஆலோசனை என்ற நிலை மாறவேண்டும்.

மூன்றாவது, பயறு வகைகளுக்கு உறுதியான கொள்முதலும் ஆதார விலையும் வேண்டும். பயறின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிரிகள் காற்றிலிருந்தே தழைச்சத்தைச் சேர்க்கின்றன. அரசின் கொள்முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டுமே பெரிதும் உறுதியாக இருக்கையில், உழவர் பயறுக்கு மாறவில்லை என்று குறைகூறுவதில் பொருளில்லை. பருப்பை இறக்குமதி செய்யும் நாட்டில், நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைக்கும் காவிரிப் படுகையின் மரபு, இழப்புக்குரிய தொழிலாக இருக்கலாகாது. தக்கைப்பூண்டு, சணப்பை போன்ற பசுந்தாள் உர விதைகளையும் அரசே வழங்கவேண்டும்.

நான்காவது, நகரக் கழிவுநீரைப் பொதுத்துறையில் முழுமையாகச் சுத்திகரித்து, அதன் சத்தைப் பாதுகாப்பான முறையில் மண்ணுக்குத் திருப்பவேண்டும். இப்பணியில் எந்த மனிதரும் சாக்கடைக்குள் இறக்கப்படலாகாது. துப்புரவுத் தொழிலாளர் அனைவரும் நிரந்தரப் பணியாளராக்கப்படவேண்டும். நகருக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் படிப்படியாக ஒழிப்பது என்று கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை வகுத்த பணியின் இன்றைய வடிவங்களுள் இது ஒன்று.

ஐந்தாவது, உவர்ச்சதுப்பு நிலங்களையும் அலையாத்திக் காடுகளையும் 'தரிசு' என்ற பட்டியலிலிருந்து நீக்கி, மீனவக் கிராம சபைகளின் பங்கேற்புடன் அளந்து வரையறுத்துப் பாதுகாக்கவேண்டும். இறால் பண்ணைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு பண்ணை முதலாளிகளுடையதாக இருக்கவேண்டும்.

ஆறாவது, கழிமுகங்களிலும் கடலிலும் நீண்டகாலப் பொது ஆய்வுக்கு நிதி வேண்டும். பிளம் தீவில் கரை சரிவதைக் காண ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. ஆராய்ச்சி நிறுவனங்களின் நிதியைக் குறைத்து, ஆய்வாளரை ஓராண்டு ஒப்பந்தத்தில் வைத்திருக்கும் நாடு தன் கரை சரிவதைச் சரிந்தபிறகே அறியும்.

தோழர்களே, இவற்றில் எதுவும் உழவருக்கும் மீனவருக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொல்லும் கோரிக்கையன்று. வயலில் நின்று பயிருக்குச் சேரும் ஒவ்வொரு கிலோ நைட்ரஜனும் உழவருக்கு மிச்சம். கடலுக்குப் போகாத ஒவ்வொரு கிலோவும் மீனவருக்குப் பாதுகாப்பு. இந்த எளிய உண்மையைக் கிளைகள்தோறும் கொண்டுசெல்லவேண்டும். உழவர் சங்கக் கூட்டத்துக்கு மீனவத் தோழரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். மீனவக் குப்பத்துக்கு உழவர் சங்கத் தோழர்கள் செல்லட்டும். உரத் தட்டுப்பாட்டுக்கு எதிரான அடுத்த ஆர்ப்பாட்டத்தின் கோரிக்கைப் பட்டியலில், மண்ணும் நீரும் கெடாமல் காப்பதற்கான கோரிக்கையும் இடம்பெறட்டும். அதை இடம்பெறச் செய்வதே இவ்வகுப்பில் பங்கேற்ற ஒவ்வோர் உறுப்பினரும் உடனடியாக ஏற்கவேண்டிய கடமை.